வெட்டிப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்

ஆங்கில – தமிழ் அகராதி ஒன்றை எடுத்து ‘நான்சென்ஸ்’ என்ற சொல்லைப் பாருங்கள். அபத்தம், முட்டாள்தனம், பொருளற்ற பேச்சு என்று போட்டிருக்கும். ‘ரப்பிஷ்’ பாருங்கள், ‘ஹம்பக்’ பாருங்கள், ‘ட்வாடில்’ பாருங்கள். பெரும்பாலும் இதே மாதிரிச் சொற்கள்தான் திரும்ப வரும். வேலைக்குப் போய் ஆங்கிலத்தில் பேசவேண்டிய ஒருவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்தச் சொல்லை முதலாளி முன்னால் சொல்லலாம், எதைச் சொன்னால் வேலை போகும் என்று அகராதி சொல்லாது.

எப்போதும்வென்றானிலோ கோவில்பட்டியிலோ வளர்ந்தவருக்கு இது புதுப் பாடமே கிடையாது. வெட்டிப் பேச்சை வகை பிரிக்க நமக்குப் பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடப்பவர் பேசுவது பினாத்தல். முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் உளறல். மாட்டுவண்டிப் பந்தயத்தில் தன் மாடு வந்த தூரத்தை இரண்டு மடங்காகச் சொல்பவன் அளக்கிறான். நடக்காததை நடந்ததாகச் சொல்பவன் புளுகுகிறான். அதையே ஆளும் இடமும் வைத்துக் கோர்வையாகச் சொன்னால் கயிறு திரிக்கிறான். மடியில் காசு இல்லாமல் மார்தட்டினால் சவடால். காரியமே இல்லாமல் பொழுதைக் கழித்தால் வெட்டிப் பேச்சு. ஆளே ஒரு மாதிரி என்றால் கோட்டித்தனம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். பேச்சில் மட்டும் புழங்கிய கரிசல் சொற்களுக்கு அச்சில் ஓர் இடம் கிடைத்தது. அந்த வேலையின் அருமை இப்படி இன்னொரு மொழியைக் கற்கும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. நம் பேச்சில் இருக்கும் பாகுபாடு நமக்குப் பிடிபட்டிருந்தால், ஆங்கிலத்தின் பாகுபாடும் சீக்கிரம் பிடிபடும்.

ஆகவே ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிப் பொருள் தேட வேண்டாம். ‘இது நம்ம ஊரில் எந்த வகைப் பேச்சு?’ என்று கேளுங்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: சொல்வது பேச்சைப் பற்றியா, ஆளைப் பற்றியா? கேட்டுக்கொண்டிருப்பவர் யார்?

ஆளா, பேச்சா என்ற விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதை முதலில் பார்ப்போம். தமிழ்ப் படங்களில் பணக்கார அப்பா கோபம் வந்தால் ‘இடியட்! நான்சென்ஸ்!’ என்று மகனைப் பார்த்துக் கத்துவார். அதைக் கேட்டுக் கேட்டு, நான்சென்ஸ் என்பது ஆளைத் திட்டும் சொல் என்றே நமக்குப் பதிந்துவிட்டது. ‘அவன் ஒரு நான்சென்ஸ்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை. நான்சென்ஸ் என்பது பேசிய பேச்சு, செய்த காரியம். ‘தட்ஸ் நான்சென்ஸ்’, ‘டோன்ட் டாக் நான்சென்ஸ்’, ‘வாட் நான்சென்ஸ்’ எல்லாம் சரி. ‘யூ ஆர் நான்சென்ஸ்’ என்றால் கேட்பவருக்குக் கோபம் வருமுன் குழப்பம் வரும்.

இதை மறுபக்கத்திலிருந்தும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் சீனியரிடம் இப்படிக் கேட்கிறாள் என்று வையுங்கள்:

“அக்கா, லண்டன்காரரு ‘தட்ஸ் எ லோட் ஆஃப் ரப்பிஷ்’னுட்டாரு. என் மேல கோவமாயிட்டாரோ?”

“உன் மேல இல்லம்மா. அந்தக் கணக்கு மேல. எந்த வரி தப்புன்னு கேளு, சொல்லுவாரு.”

அந்த அக்கா சொன்னதுதான் சரி. பிரிட்டிஷ்காரர் வாயில் ரப்பிஷ் சாதாரணமாகப் புழங்கும் சொல். ‘ஐ’ம் ரப்பிஷ் அட் மேத்ஸ்’ என்று தன்னைப் பற்றியே சொல்வார். எனக்குக் கணக்கு வராது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. குப்பை என்று பெயர்த்துப் புரிந்துகொண்டு மனம் நோகத் தேவையில்லை. அமெரிக்கர்கள் அந்த இடத்தில் ‘கார்பேஜ்’ என்பார்கள். அது கொஞ்சம் காரம் கூடியது.

ஆளையும் சேர்த்துக் குறிக்கிற சொல் ஒன்று உண்டு: ஹம்பக். இது 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் புதுச் சொல்லாக வந்தது. பேச்சில் ஏமாற்று இருந்தாலும் ஹம்பக், ஏமாற்றுகிற ஆளும் ஹம்பக். டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் வரும் கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜ் இதை ஓயாமல் சொல்லிச் சொல்லி, இன்று ஆங்கிலேயர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் அவர்கள் இப்போது இதைப் பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் ‘எல்லாம் ஹம்பக்குப்பா’ என்னும்போது உள்ள கசப்பு அங்கே இல்லை. நம் பம்மாத்து என்ற சொல் இதற்கு நெருக்கம்.

இனி இந்த அத்தியாயத்தின் முக்கியமான இடம். மதுரை – தூத்துக்குடி நாற்கரச் சாலையில் எப்போதும்வென்றான் நிறுத்தத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் பையனிடம் கேட்கிறீர்கள்.

“தம்பி, தூத்துக்குடி பஸ் எப்ப வரும்?”

“இப்ப வந்துரும் அண்ணாச்சி. எட்டயபுரம் தாண்டிட்டானாம்.”

அவனுக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை. பஸ் எட்டயபுரம் தாண்டியதா, அருப்புக்கோட்டையிலேயே நிற்கிறதா, அவனுக்குத் தெரியாது. அந்த ‘ஆம்’ விகுதியைக் கவனியுங்கள். யாரோ சொல்லித் தெரிந்த மாதிரி ஒரு தோரணை. அவனுக்கு உங்களை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கேட்டதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பஸ் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால் அவன் சொன்னது உண்மையாகக்கூட ஆகிவிடும். கொஞ்சம் தள்ளி நிற்கும் ஆட்டோக்காரர் ‘அந்த பஸ் இன்னைக்கு ஓடல சார்’ என்கிறார். பஸ் வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உங்களை வண்டியில் ஏற்ற வேண்டும், அதனால் சொல்கிறார். ஆட்டோக்காரர் புளுகுகிறார். பையன் அடிச்சு விடுகிறான்.

இந்த வித்தியாசத்தை அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் ஒரு முழுக் கட்டுரையாக எழுதினார். 1986இல் ஓர் இதழில் வந்த அந்தக் கட்டுரை 2005இல் கையடக்கப் புத்தகமாக வந்து நன்றாக விற்றது. அவர் எடுத்துக்கொண்ட சொல் ‘புல்ஷிட்’. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று தெரியும். அதை மறைக்க வேண்டும் என்ற அளவிலாவது உண்மையை மதிக்கிறான். புல்ஷிட் பேசுகிறவனுக்கு உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லை. ஆகவே உண்மைக்குப் பெரிய எதிரி இவன்தான் என்கிறார் ஃபிராங்க்ஃபர்ட். ‘அடிச்சு விடுறான்’ என்று நாம் ஒரு வாயில் சொல்லிவிடுவது இதைத்தான். எனக்கு அவர் முடிவு சரியாகவே படுகிறது. பூச்சிமருந்து விற்க வருகிறவர் எந்தப் பயிருக்கும் எந்த நோய்க்கும் ‘அதுக்கும் இது கேக்கும்’ என்று சொல்லிக்கொண்டே போகும்போது, அவர் பொய் சொல்கிறார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நஷ்டமோ பொய்யால் வருவதைவிட அதிகமாக வரும்.

பொருளில் இவ்வளவு துல்லியமான சொல், புழக்கத்தில் ஆபத்தானது. அதன் பின்பாதி மலத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல். வயதொத்த நண்பர்களிடம் சொல்லலாம். அலுவலகத்தில், மேலதிகாரியிடம், வாடிக்கையாளரிடம், நேர்முகத் தேர்வில், மின்னஞ்சலில் கண்டிப்பாகக் கூடாது. எதிரில் இருப்பவர் முதலில் சொன்னாலும் நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டாம். ‘பி.எஸ்.’ என்று எழுத்துகளாகச் சுருக்கினால் கொஞ்சம் தணியும், ஆனாலும் அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ‘புல்’ என்று முன்பாதியை மட்டும் சொல்வதும் உண்டு; அதுவும் நண்பர்களுக்குள்தான். ‘கிராப்’ என்பதும் இதே குடும்பம், ஒரு படி கீழே. பிரிட்டனில் ‘பாலக்ஸ்’ என்ற ஒரு சொல் உண்டு. ஆணின் விதைகளைக் குறிக்கும் பழைய சொல் அது. 1977இல் ஒரு ராக் இசைத்தட்டின் தலைப்பில் அது இருந்ததற்காக நாட்டிங்ஹாம் நகரில் கடைக்காரர் மேல் வழக்கே போட்டார்கள். சொல் ஆபாசமில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. நீதிமன்றம் விட்டாலும் உங்கள் மேனேஜர் விடமாட்டார். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், வாயில் வேண்டாம்.

அடுத்தது புரியாத பேச்சு. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போட்டவர்கள் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலோடு அலைந்திருப்பீர்கள். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் ஆங்கிலச் சுற்றறிக்கையில் ‘ஏரியா அப்ரோச்’, ‘த்ரெஷோல்ட் யீல்ட்’ என்று வரும். படித்ததும் ‘என்னத்த உளறி வச்சிருக்கான்’ என்று தோன்றும். ஆனால் அந்தச் சொற்களுக்கு உறுதியான பொருள் உண்டு. பொதுவான மகசூல் இழப்புக்கு உங்கள் ஒருவர் நிலத்தை மட்டும் பார்த்து இழப்பீடு தருவதில்லை. அந்த வட்டாரத்தில் சோதனை அறுவடை செய்து, கிடைத்த சராசரி மகசூல் முன்பே குறித்த அளவுக்குக் கீழே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்படித் துறைக்குள் பொருளோடு புழங்கும் சொற்களை ‘ஜார்கன்’ என்பார்கள். அதை நான்சென்ஸ் என்று சொல்லிவிட்டால், தெரியாதது நமக்குத்தான் என்று ஆகிவிடும்.

எளிதாகச் சொல்லக்கூடியதை வேண்டுமென்றே சிக்கலாக்கி எழுதியிருந்தால், அதற்குப் பெயர் ‘காபுள்டிகூக்’. மௌரி மாவெரிக் என்ற டெக்சாஸ்காரர் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தபோது, கீழே இருந்து வந்த குறிப்புகளைப் படித்து நொந்துபோய், இனி இப்படி எழுதக்கூடாது என்று 1944இல் ஒரு சுற்றறிக்கை விட்டார். அதில் அவரே உண்டாக்கிய சொல் இது. ஊரில் வான்கோழிகள் கொக்கரித்துக்கொண்டு திரிவதை நினைத்து வைத்ததாகச் சொன்னார். இந்தச் சொல்லை அலுவலகத்திலும் தைரியமாகச் சொல்லலாம். ‘திஸ் லெட்டர் இஸ் காபுள்டிகூக், கேன் யூ எக்ஸ்ப்ளெய்ன் இட்?’ என்றால் கேட்பவர் சிரித்துவிட்டு விளக்குவார். மொழியே இல்லாத வெறும் சத்தம் என்றால் ‘ஜிப்பரிஷ்’. குழந்தையின் மழலைக்கும், கணினித் திரையில் எழுத்துரு கெட்டுக் கட்டங்களாகத் தெரிவதற்கும் அது பொருந்தும். ‘மம்போ ஜம்போ’ என்ற சொல்லும் புத்தகங்களில் வரும். மேற்கு ஆப்பிரிக்க மக்களின் சடங்கு ஒன்றை வெள்ளைக்காரப் பயணிகள் அரைகுறையாகப் புரிந்துகொண்டு எழுதிய பெயர் அது. அடுத்தவர் சாமியை இளக்காரம் செய்த வரலாறு அதற்குள் கிடக்கிறது. கோயில், கொடை, நேர்த்திக்கடன் பற்றிய பேச்சில் அதை யாரிடமும் சொல்லாதீர்கள். அதை நம் ஊர்க்கோயிலைப் பற்றி இன்னொருவர் சொன்னால் எப்படி இருக்கும் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுப் பெயர்கள் ஒரு தனிக் கூட்டம். பெரியார் மேடையில் ஒரு கருத்தை ஒன்றுமில்லாததாக்க ‘வெங்காயம்’ என்பார். தமிழ்நாட்டில் அதைப் புரியாதவர் கிடையாது. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ‘பலோனி’ உண்டு. இத்தாலியின் பொலோன்யா நகரத்துப் பெயர் கொண்ட கொத்திறைச்சி வகை அது. ‘ட்ரைப்’ என்றால் நாம் குடல் என்று சமைக்கும் ஆடு மாடுகளின் இரைப்பை. மட்டமான எழுத்துக்குச் சொல்வது. குடல் குழம்பு நமக்கு விருந்து என்பதால் நாமாக இதைச் சொல்ல மனம் வராது. ‘ஹாக்வாஷ்’ என்றால் பன்றிக்கு ஊற்றும் கழனித் தண்ணி. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டனின் ஸ்காலியா 2015இல் மருத்துவக் காப்பீட்டு வழக்கில் தன் மாறுபட்ட தீர்ப்பில், சக நீதிபதிகளின் வாதத்தை ‘ஆப்பிள்சாஸ்’ என்று எழுதினார். பிசைந்த ஆப்பிள் கூழ். கடுமையாகச் சொல்ல வேண்டும், ஆனால் கெட்ட வார்த்தை கூடாது என்ற இடத்தில் சாப்பாட்டுச் சொல் கைகொடுக்கிறது. பலோனி, ஹாக்வாஷ் இரண்டையும் நீங்கள் தாராளமாகப் பழகலாம்.

இதே வரிசையில் ‘காட்ஸ்வாலப்’ என்ற பிரிட்டிஷ் சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். நம் கோலி சோடா பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1872இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கழுத்தில் கண்ணாடிக் கோலி, உள்ளே வாயுவின் அழுத்தம், கட்டைவிரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே இறங்கும். ‘வாலப்’ என்பது பீருக்குக் கொச்சைப் பெயர். குடிகாரர்கள் சோடாவைக் கிண்டலாகக் ‘காட்டின் பீர்’ என்றதிலிருந்து வெட்டிப் பேச்சுக்கு இந்தப் பெயர் வந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. பாட்டில் வந்தது 19ஆம் நூற்றாண்டில். சொல் அச்சில் பரவலாகத் தலைகாட்டுவதோ 1950களின் முடிவில். இதைக் கயிறு திரிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சொற்களின் பிறப்பைப் பற்றிய கதைகளில் இப்படிப்பட்டவை ஏராளம் உண்டு, வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பிவிடாதீர்கள்.

மேடைப் பேச்சுக்கென்று இரண்டு சொற்கள். ‘கிளாப்டிராப்’ 18ஆம் நூற்றாண்டு நாடகக் கொட்டகைச் சொல். கைதட்டலை வாங்குவதற்கென்றே வைத்த வசனம். நம் ஊர்க் கூட்டங்களில் கைதட்டல் விழுந்தபின் ஒரு விநாடி நிறுத்தி, துண்டைச் சரிசெய்துவிட்டுத் தொடர்வார்களே, அந்த இடம். ‘பங்க்கம்’ என்பது 1820இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பிறந்தது. மிசோரி மாநிலம் குறித்த விவாதம் முடியும் நேரத்தில் ஃபெலிக்ஸ் வாக்கர் என்ற உறுப்பினர் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டே போக, மற்றவர்கள் போதும் என்று கெஞ்சினார்கள். நான் என் தொகுதியான பங்க்கம் மாவட்டத்துக்காகப் பேசுகிறேன் என்றார் அவர். அதுதான் சுருங்கி ‘பங்க்’ ஆனது. 1923இல் வில்லியம் வுட்வார்ட் என்ற எழுத்தாளர் அதிலிருந்து ‘டிபங்க்’ என்று ஒரு வினைச்சொல் செய்தார்: புரட்டை உடைத்துக் காட்டுவது. இன்று செய்தித்தாளில் தினமும் வரும் சொல், எங்கும் சொல்லலாம். இதைக் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள்.

‘ஐவாஷ்’ விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு ஆங்கிலத்தில் அது வெறும் நான்சென்ஸ். இந்திய ஆங்கிலத்தில் நம் ‘கண்துடைப்பு’ என்ற பொருளில் ஒப்புக்குச் செய்ததைக் குறிக்கிறது. அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கும்; நாடாளுமன்றத்தில் தவிர்க்க வேண்டிய சொற்கள் என்று 2022 ஜூலையில் மக்களவைச் செயலகம் வெளியிட்ட தொகுப்பில் அதுவும் இடம்பெற்றது. அரசு அலுவலருக்கு எழுதும் மனுவில் அதைப் போடாதீர்கள்.

‘பாப்பிகாக்’, ‘பால்டர்டாஷ்’, ‘பாஷ்’, ‘டாஷ்’, ‘ட்வாடில்’ எல்லாம் தாத்தா காலத்துச் சொற்கள். பாஷ் மட்டும் துருக்கி மொழியில் ‘வெறுமை’ என்று பொருள்படும் சொல். 1834இல் ஜேம்ஸ் மோரியர் எழுதிய நாவல் மூலம் ஆங்கிலத்தில் பரவியது. படித்தால் புரிய வேண்டும், பேச வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை இவற்றைப் பேசினால் நாடகம் மாதிரி இருக்கும். பெரிய ஆட்கள் சொன்னால் வேறு விதத்தில் கவனிக்க வேண்டும். ஜோ பைடன் 2012 துணை அதிபர் விவாதத்தில் எதிராளியின் பேச்சை ‘மலார்க்கி’ என்று தள்ளினார். சாதாரண ஜனங்களின் பழைய சொல், எடுபட்டது. போரிஸ் ஜான்சன் 2004இல் தன்மேல் வந்த ஒரு தனிவாழ்க்கைக் குற்றச்சாட்டைத் தலைகீழான பிரமிடு அளவுக்குப் ‘பிஃபிள்’ என்று அலங்காரமாக மறுத்தார். சில நாட்களில் கட்சித் தலைமை அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. வாய் நிறைய வேடிக்கைச் சொல்லோடு ஒருவர் மறுத்தால், அதற்குள் ‘இல்லை’ என்ற நேரான பதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வேலையிடத்தில் பெரும்பாலும் இந்தச் சொற்கள் எதுவுமே தேவைப்படாது. மேலதிகாரி தப்பான கணக்கைச் சொன்னால் ‘ஐ’ம் நாட் ஷ்யூர் தட்ஸ் ரைட், சர்’ என்று தொடங்குங்கள். நம் பேச்சில் ‘அப்படி இல்லீங்க சார், ஒரு தடவ பாத்துருவோம்’ என்பதற்குச் சமம். சமமான ஆளிடம் ‘தட் டஸ்ன்ட் மேக் சென்ஸ் டு மீ’ போதும். ‘எனக்கு’ என்று வருவதால் சுருக்கென்று படாது. நன்கு பழகியபின் ‘கம் ஆன், தட்ஸ் ரப்பிஷ்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

பயிற்சி: இந்த வாரம் பஸ்ஸிலோ டீக்கடையிலோ காதில் விழுந்த வெட்டிப் பேச்சு ஐந்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பேசியவர் பெயர் வேண்டாம். ஒவ்வொன்றும் உளறலா, அளப்பா, புளுகா, அடிச்சு விட்டதா, கைதட்டலுக்குப் பேசியதா என்று முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு அதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் போட்டு இரண்டு வாக்கியம்: ஒன்று நண்பரிடம் சொல்வது, மற்றது அலுவலகத்தில் சொல்வது. இரண்டும் ஒரே மாதிரி வந்திருந்தால் அலுவலக வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.